ஸ்பிட்ஃபயரின் பின்சக்கர பேரிங்: இரண்டாவது முறை கழற்றியபோது தெரிந்தது

அந்தச் சத்தம் என்னவென்று கண்டுபிடித்தது என் மாமா. அதுவும் சென்னை பெரம்பூரில், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே.

ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கிலாந்தில் கவென்ட்ரியிலிருந்து கெனில்வொர்த் போகும் சாலை. என் பழைய ஸ்பிட்ஃபயர் காரை நான் ஓட்ட, மாமா கேட்பதற்காக மனைவி செல்போனை சீட்டுக்குப் பின்னால் தரையோடு பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கு 40 மைலைத் தாண்டினால் பின்னாலிருந்து ஓர் உறுமல். டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, போய்விட்டது என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"டிஃபரன்ஷியல் ஊளையிடும் மாப்ள, இது உறுமுது. ரைட்ல வளைச்சுப் பாரு."

வளைத்தேன். உறுமல் ஏறியது. இடது பக்கம் திருப்பியதும் அடங்கியது.

"லெஃப்ட் பின்னாடி ஹப்பு. ரைட்ல திரும்பினா பாரம் லெஃப்ட்டுக்குத்தானே போவும்?"

ஹப் என்றால் சக்கரம் பூட்டியிருக்கும் நடுப்பாகம். அதை உரசாமல் சுழல விடுவது பேரிங்.

"மாமா, அந்த பேரிங்கைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் மாத்தினேன்."

"எந்த பேரிங்கை?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு அதன் கனம் புரியவில்லை.

என்னிடம் இருப்பது 1978-ஆம் வருட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. கவென்ட்ரியில், நான் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கேன்லி தொழிற்சாலையில் செய்த வண்டி. 1962-இல் தொடங்கி 1980 ஆகஸ்டில் கடைசி வண்டி வெளியே வரும்வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். மாமா வாழ்நாளில் ஒரு ஸ்பிட்ஃபயரைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் அவருக்குக் கைரேகை மாதிரி. இங்கே 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. ஸ்பிட்ஃபயர் அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி மேலே அழகான உடம்பு போட்ட வண்டி. பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே வம்சம்: ஒவ்வொரு சக்கரத்தோடும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்சில், குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். பதினான்கு வயதில் பட்டறையில் பானா எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர், இந்த ஹப்பைக் கழற்றிக் கழற்றியே தொழில் கற்றிருக்கிறார். நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் வாங்கியவர்களுக்கும் இந்த ஆக்சில் மேல் பிரியமே வரவில்லை. 1972-இல் ஸ்டாண்டர்டு கசெல் வந்தபோது ஸ்விங் ஆக்சில் போய்ச் சாதாரண ஒற்றை ஆக்சில் வந்துவிட்டது.

அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது பிடிபடாது. டிஃபரன்ஷியல் சட்டத்தோடு அசையாமல் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஓர் அரை ஆக்சில் வெளியே வரும். அதன் வெளி முனை ஒரு வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் நுழைந்து வெளியேறும். அந்தக் கூட்டுக்கு ட்ரனியன் ஹவுசிங் என்று பெயர். கூட்டின் வெளிப்புறம் ஒரு பால் பேரிங், உட்புறம் ஒரு நீடில் பேரிங். ஆக்சிலின் நுனி டேப்பராகக் கூம்பியிருக்கும். ஹப் அந்தக் கூம்பின்மேல் ஒரு கீயோடு (பள்ளத்தில் பொருந்தும் சின்ன இரும்புத் துண்டு) உட்கார, ஒற்றை நட் அதை இறுக்கிப் பிடித்திருக்கும்.

விஷயம் நீடில் பேரிங்கில்தான் இருக்கிறது. பால் பேரிங்குக்கு உள்வளையம், வெளிவளையம் இரண்டும் உண்டு. நீடில் பேரிங்குக்கு உள்வளையமே கிடையாது. ஊசி உருளைகள் நேராக ஆக்சிலின் மேல்தான் ஓடும். அதாவது ஆக்சிலே அந்த பேரிங்கின் பாதி. ஆக்சில் தேய்ந்திருந்தால் எத்தனை புது பேரிங் போட்டாலும் பாதிதான் புதுசு.

முதல் தடவை நான் செய்தது என்னவென்றால், ஆக்சிலை மொத்தமாகக் கழற்றி ஒரு கராஜில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பால் பேரிங்கை மட்டும் மாற்றினார்கள். "நீடில் நன்றாகத்தான் சுற்றுகிறது" என்றார்கள். விரலால் சுற்றினால் எந்த நீடிலும் நன்றாகத்தான் சுற்றும், பாரம் இல்லையே! நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். சுமார் 3,000 மைலில் உறுமல் திரும்பி வந்தது.

சரி, இந்தத் தடவை எல்லாவற்றையும் நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். நடுமூடியைக் கழற்றினால் நட் தெரியும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, நீளமான கம்பியால் ஒரு மிதி. வண்டியைத் தூக்கிய பிறகு இதைச் செய்யப் போனால் வண்டிதான் ஸ்டாண்டிலிருந்து இறங்கும். அப்புறம் ஜாக்கி, ஸ்டாண்டு, டிரம். பிரேக் குழாயைப் பிரித்து முனையை மூடினேன். ஹேண்ட்பிரேக் கேபிள், டிஃபரன்ஷியல் பக்கம் நான்கு நட்டு, 9/16 அங்குல ஸ்பானர்.

ஷாக் அப்சார்பரில் மட்டும் நிதானம் வேண்டும். இந்த வண்டியில் சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் பிடித்து வைத்திருப்பது அந்த ஷாக் அப்சார்பர்தான். ஸ்பிரிங் முறுக்கோடு காத்துக்கொண்டிருக்கும். இன்னொரு ஜாக்கியை வெர்டிகல் லிங்க்கின் (ஸ்பிரிங் முனையையும் ட்ரனியன் கூட்டையும் இணைக்கும் செங்குத்துத் துண்டு) அடியில் வைத்து லேசாகத் தூக்கி, பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகே கீழ் நட்டைக் கழற்ற வேண்டும். பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தன்பாட்டுக்கு அடங்கிவிடும். அவசரப்பட்டவர்களின் முழங்கால் கதைகள் மாமாவிடம் நிறைய உண்டு.

அடுத்தது ட்ரனியன் போல்ட். வெர்டிகல் லிங்க்கையும் கூட்டையும் சேர்க்கும் நீளமான போல்ட் இது. உள்ளே ஓர் எஃகுக் குழல், அதைச் சுற்றி நைலான் புஷ். நாற்பது வருட இங்கிலாந்து மழையில் போல்டும் குழலும் ஒரே இரும்பாகிவிட்டன. நட்டு கழன்றது. போல்டு சுற்றியது. சுற்றியது என்றால் குழலையும் சேர்த்துக்கொண்டு சுற்றியது. வெளியே மட்டும் வரவில்லை. துரு எண்ணெய், நெருப்பு, நான்கு பவுண்டு சுத்தியல் எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஹாக்சா பிளேடை மட்டும் கையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, லிங்க்குக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் விட்டு அறுக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். நீங்கள் ஆரம்பிக்கும் முன்பே புது போல்ட், குழல், புஷ், தூசு வளையம் எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். நல்ல பிளேடும் ஆறு ஏழு. போல்டைக் காப்பாற்றலாம் என்று நான் செலவழித்த அரை நாள் முழு வீண்.

ஆக்சிலும் கூடும் ஹப்பும் சேர்ந்து மேசைக்கு வந்தன. இப்போது ஹப்பைக் கூம்பிலிருந்து பிரிக்க வேண்டும். பெரிய கராஜ்காரர்களே முகம் சுளிக்கும் இடம் இது. கடையில் கிடைக்கும் மூன்று கால் புல்லரைப் போட்டால் ஹப்பின் விளிம்புதான் வளையும். என் ஹப்பில் ஏற்கெனவே யாரோ அப்படி முயன்ற தடம் இருந்தது. இதற்கென்றே சர்ச்சில் புல்லர் என்று ஒன்று உண்டு. சக்கர ஸ்டட்டுகள் நான்கிலும் கனத்த வளையமாகப் பூட்டிக்கொண்டு, நடுவில் கட்டைவிரலைவிடத் தடித்த திருகால் ஆக்சில் முனையைத் தள்ளும். நான் இருக்கும் வட்டாரக் கார் கிளப்பில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருவார்கள். ஒரு மாதம் வரிசையில் நின்றுதான் எனக்குக் கிடைத்தது.

மாமா சொன்ன முறை இது. ஹப் நட்டை முழுக்க எடுத்துவிடாதே, முனையோடு சமமாக நிற்கும் அளவுக்கு மறுபடி ஏற்று. திருகின் அழுத்தத்தில் ஆக்சில் முனை காளான் மாதிரி விரியாமலும் மரை நசுங்காமலும் அது காக்கும், ஹப் தெறித்தால் பிடித்துக்கொள்ளும். திருகை இறுக்கு, அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி, மறுபடி கால் சுற்று இறுக்கு. அதற்குமேல் வரவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடு.

"அது தானா விடும் மாப்ள. ஆனா எதுக்க மட்டும் நிக்காத."

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இறுக்கி, ஹப்பை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் சூடு காட்டி விட்டுவிட்டு வந்தேன். இரவு சோறு தட்டில் விழும் நேரம், ஷெட்டிலிருந்து துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு வெடிச்சத்தம். மனைவி சிலிண்டர் என்று நினைத்து அடுப்பங்கரைக்கு ஓடினாள். நான் சாப்பாட்டை விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். ஹப் அரை அங்குலம் முன்னால் நகர்ந்து, நட்டின்மேல் சாய்ந்து நின்றிருந்தது. அந்த நட் இல்லாவிட்டால் எதிர்ச் சுவர்ப் பலகையில் ஒரு ஜன்னல் வந்திருக்கும்.

கூட்டைப் பிரஸ்ஸில் வைத்து ஆக்சிலைத் தள்ளி எடுத்தேன். மாமாவின் "எந்த பேரிங்கை?" என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் தெரிந்தது. பால் பேரிங்கில் குற்றமில்லை. நீடில் பேரிங் இருந்த இடத்தில் கிரீஸே இல்லை. காய்ந்த புளிக்கரைசல் நிறத்தில் ஒரு பசை. ஊசிகளில் ஏழெட்டு தங்கள் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு சுற்ற மறுத்தன. ஆக்சிலைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் இழுத்தேன். டக், டக், டக். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பள்ளம். பாரம் தாங்கும் பக்கத்தில் அரை வட்டத்துக்கு வெள்ளி நிறம் போய்ச் சாம்பல் புள்ளிகள். கண்ணுக்கு லேசான கறை மாதிரிதான் தெரிந்தது. நகத்துக்குத் தப்பவில்லை.

அந்த கராஜைக் குறை சொல்லிப் பயனில்லை, நீடில் ஓடும் இடத்தில் ஆக்சிலைத் தடவிப் பாருங்கள் என்று நான் கேட்கவே இல்லையே.

இப்படிப்பட்ட ஆக்சிலுக்கு இரண்டு வழி. லேத்தில் அந்த இடத்தைக் கடைந்து, கடினப்படுத்திய குழல் ஏற்றி, சரியான அளவுக்கு கிரைண்ட் செய்வது ஒன்று. வேறு ஆக்சில் போடுவது இன்னொன்று. முதலாவதைச் சரியாகச் செய்யும் ஆள் எனக்குப் பக்கத்தில் அமையவில்லை. பழைய சாமான் சந்தையில் ஒன்று வாங்கினேன். நகத்தை இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன், கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பழையதோடு பக்கத்தில் வைத்தால் ஓர் அங்குலம் குட்டை! 1973-இல் பின்சக்கரங்களின் இடைவெளியை அகலப்படுத்தியபோது ஆக்சிலை நீட்டியிருக்கிறார்கள். நான் வாங்கியது அதற்கு முந்தையது. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். டேப் எடுத்துக்கொண்டு போயிருந்தால் 30 பவுண்டு மிச்சம். சரியான நீளத்தில் அடுத்தது கிடைக்க மூன்று வாரமாயிற்று. அதில் கூம்பையும் கீ உட்காரும் பள்ளத்தின் முனைகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இந்த ஆக்சில்கள் முறிந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முறியும். முறிந்தால் ஹப்போடு சக்கரமும் தனியாகப் போய்விடும், பிடிக்க வேறெதுவும் கிடையாது.

பூட்டும் வேலை கழற்றுவதைவிட இதமானது. கூட்டைப் பெட்ரோலில் கழுவி, பழைய நீடில் பேரிங்கைத் தட்டி எடுக்கும் முன்பே அது விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று வெர்னியரில் அளந்து சுவரில் எழுதி வைத்திருந்தேன். கிரீஸ் கசியாமல் தடுக்கும் உள் சீலுக்கு இடம் விட வேண்டுமே. நீடில் பேரிங்கை அழுத்தும்போது எண் பொறித்த முகத்தில்தான் அழுத்த வேண்டும். அந்தப் பக்க விளிம்புதான் அடி தாங்கும். மறுபக்கத்தில் தட்டினால் தகடு உள்ளே மடங்கி ஊசிகளைக் கவ்விக்கொள்ளும். கூட்டைச் சமையல் ஓவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். பேரிங்குகள் முதல் நாள் இரவே ஃப்ரீசரில், பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில். இந்த ஏற்பாட்டை வீட்டில் முன்கூட்டிச் சொல்லிவிடுவது உத்தமம். நான் சொல்லவில்லை.

பால் பேரிங்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அது ஆக்சில் மேலும் இறுக்கமாக ஏற வேண்டும், கூட்டுக்குள்ளும் இறுக்கமாகப் போக வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். உள்வளையத்தை மட்டும் தள்ளினால் கூட்டின் இறுக்கம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும். வெளிவளையத்தை மட்டும் தள்ளினால் ஆக்சிலின் இறுக்கம். எப்படியும் குண்டு ஓடும் தடத்தில் நுண்ணிய குழி விழுந்துவிடும். புது பேரிங் முதல் நாளே உறுமத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் ஆக்சில் நுழைய ஓட்டையும், இரண்டு வளையங்களையும் ஒருசேரத் தொடும் தட்டையான முகமும் உள்ள ஒரு கனத்த வளையத்தை லேத் பட்டறையில் கடையச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதன்மேல் குழாயை வைத்துப் பிரஸ்ஸில் அழுத்தினேன். கடைசியில் சத்தத்தின் சுருதி மாறி, பிரஸ் கைப்பிடி கெட்டிப்படும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

அதன்பின் பிரேக் ஷூக்களைத் தாங்கும் பேக்பிளேட்டும் வெளிச் சீல் மூடியும். சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, உதடு கிரீஸைப் பார்த்து இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கூம்புக்கு மட்டும் எண்ணெயும் கூடாது, கிரீஸும் கூடாது. அடுத்த தடவை சுலபமாகக் கழறட்டும் என்று தடவத் தோன்றும். தடவாதீர்கள். ஹப்பைப் பிடிப்பது கூம்பின் உரசல்தான், கீ வெறும் துணைக்கு. உரசல் போனால் பாரமெல்லாம் கீக்கு வந்து, பள்ளத்தின் முனையில் விரிசல் விடும். ஹப்பின் உட்புறத்தில் நீலச் சாயம் தடவி ஒரு தடவை ஏற்றி இறக்கினேன். கூம்பு முழுக்க நீலம் சீராகப் படிந்திருந்தது. இரண்டையும் துடைத்து உலர்த்தி, புது நட் போட்டு, இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே கம்பி கொடுத்து ஹப்பைப் பிடித்துக்கொண்டு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 110 அடி-பவுண்டு. மானுவலில் 100 முதல் 110 வரை இருக்கிறது.

வண்டியில் ஏற்றியபோது ட்ரனியன் போல்டின் நீளம் முழுக்கத் துரு தடுக்கும் பசையைத் தாராளமாகப் பூசினேன். சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மும், ஸ்பிரிங் முனையின் கண்ணும் ரப்பர் புஷ் உள்ளவை. அவற்றை வண்டி தரையில் நின்ற பிறகு, இரண்டு பேர் உட்கார்ந்த நிலையில்தான் இறுக்கினேன். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே வாழ்ந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பிரேக்கில் காற்று எடுத்தேன்.

நீடில் பேரிங் ஏன் காய்ந்தது என்பது இன்னொரு சின்னக் கதை. கூட்டில் ஒரு திருகு மூடி இருக்கிறது. 12,000 மைலுக்கு ஒரு முறை அதைக் கழற்றி, கிரீஸ் நிப்பிளைப் பூட்டி, கிரீஸ் கன்னால் நாலைந்து அழுத்து அழுத்த வேண்டும். வெறும் மூடியைப் பார்த்து அங்கே கிரீஸ் போகும் என்று யாருக்கும் தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை. என் வண்டியில் அந்த மூடி பெயின்டுக்கு அடியில் இருந்தது. இப்போது நிப்பிளையே நிரந்தரமாக விட்டுவிட்டேன். அதற்காகக் கண்ட நேரமெல்லாம் அடிக்கவும் கூடாது, மிஞ்சினது சீலைத் தாண்டி பிரேக் ஷூவுக்குப் போய்விடும்.

100 மைல் ஓடிய பிறகு ஹப் நட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் நகர்ந்து, பிறகு டிக்கென்றது. கூம்பு உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அதே சாலை, அதே மாதிரி சீட்டுக்குப் பின்னால் செல்போன். 40 மைல், 50 மைல். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பத்து வயது குறைந்த வண்டி மாதிரி இருந்தது. வலது, இடது என்று வளைத்துக் காட்டினேன். மறுமுனையில் மாமா ரொம்ப நேரம் பேசவில்லை.

"லைன்ல இருக்கீங்களா மாமா?"

"இருக்கேன். லெஃப்ட் சுத்தமாயிடுச்சு. இப்பதான் ரைட் பக்கம் கேக்குது."

புல்லரை முந்தின நாள்தான் கிளப்பில் திருப்பிக் கொடுத்திருந்தேன்.